சின்ன வண்டியிலிருந்து பெரிய பைக்குக்கு: கையும் காலும் மறுபடி பழகும் வழி

எட்டு வருடம் 125 சிசி வண்டி ஓட்டிய பிறகு 650 சிசி இரட்டை சிலிண்டர் பைக் வாங்கினேன். மூன்றாம் நாள் அது கீழே விழுந்தது. வேகத்தில் இல்லை, கேட்டுக்கு முன்னால் வளைக்கும்போது, ஆள் நடக்கிற வேகத்தில். ஹேண்டில் இடதுபக்கம் முழுசாகத் திரும்பியிருந்தது. குறுக்கே ஒரு நாய் வந்தது. என் வலது கை நான்கு விரலும் சேர்த்து முன் பிரேக்கைப் பிடித்தது. பழைய வண்டியில் இப்படி எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன். வண்டி லேசாகச் சாயும், காலை ஊன்றித் தாங்கிக்கொள்வேன், அவ்வளவுதான். இங்கே 200 கிலோ மொத்தமும் இடது தொடைமேல் இறங்கியது. கால் ஊன்றியதென்னவோ உண்மை, தாங்கத்தான் முடியவில்லை. ஹேண்டிலை விட்டுவிட்டு விலகி நின்றதால் கால் தப்பியது.

பெரிய வண்டிக்கு மாறுகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது ஆக்ஸிலரேட்டரைப் பற்றி. பயப்பட வேண்டியதுதான். ஆனால் அதைவிட ஆழமான சிக்கல், சின்ன வண்டி நம் கைக்கும் காலுக்கும் கற்றுக்கொடுத்த பழக்கம். சின்ன வண்டி தப்பை மன்னித்துவிடும். மன்னித்து மன்னித்தே அந்தத் தப்பைச் சரியென்று நம்ப வைத்துவிடும்.

மோட்டார் சைக்கிள் விபத்துகளைப் பற்றி ஹாரி ஹர்ட் தலைமையில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 1981இல் வெளியானது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். விபத்துக்குள்ளானவர்களுக்குச் சாலை அனுபவம் கிட்டத்தட்ட 3 வருடம் இருந்தது. ஆனால் அவர்களில் பாதிப்பேருக்கு மேல், விழுந்த அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி 5 மாதம்கூட ஆகவில்லை. வண்டி மாறினால் நாமும் பாதி புதியவராகிவிடுகிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் நான் பார்த்ததில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த 5 மாதத்தைப் பற்றியதுதான்.

வாங்குவதற்கு முன்: பழைய வண்டியிலேயே செய்ய வேண்டிய வேலை

முதல் படி ஷோரூமில் இல்லை, இப்போது ஓட்டும் வண்டியில் இருக்கிறது. ஒரு வாரம் உங்களையே கவனித்துப் பாருங்கள். நிறுத்த வேண்டும் என்றதும் எது முதலில் போகிறது, வலது காலா, வலது கையா? பெரும்பாலானவர்களுக்குக் கால்தான். முன்னால் டிரம் பிரேக் இருக்கும் சின்ன வண்டியில், 40 கிலோமீட்டர் வேகத்தில், பின் பிரேக்கை மட்டும் வைத்தே காலம் தள்ளிவிடலாம். பெரிய வண்டியில் அது நடக்காது. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பின்சக்கரம் லேசாகி, கொஞ்சம் அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும். நிறுத்தும் சக்தியில் 70 சதவீதமோ அதற்கும் மேலோ முன் பிரேக்கிலிருந்துதான் வருகிறது. பின் பிரேக்கை மிதித்துச் சறுக்குவதும், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காததும்தான் ஹர்ட் ஆய்விலும் திரும்பத் திரும்பத் தென்பட்டது.

அதனால் பழைய வண்டியிலேயே முன் பிரேக்கை முதன்மையாகப் பயன்படுத்தப் பழகுங்கள். காலியான இடத்தில், வண்டி நிமிர்ந்து நேராகப் போகும்போது, இரண்டு விரலால் மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூடவே, காலை ஊன்றாமல் யூ டர்ன் எடுக்க வருகிறதா, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுகிறீர்களா என்றும் பாருங்கள். இந்த மூன்றும் 110 கிலோ வண்டியில் கைவரவில்லை என்றால் 200 கிலோ வண்டியில் வரப்போவதில்லை. இன்னும் இரண்டு மாதம் பொறுத்து வாங்குவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சிசியை வைத்து முடிவெடுக்காதீர்கள்

"எத்தனை சிசி?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு. வண்டியின் குணத்தை அது சொல்லாது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்கு 349 சிசி, சுமார் 20 எச்பி (குதிரைத்திறன்), 195 கிலோ. கேடிஎம் டியூக் 390இன் பழைய மாடலுக்கு 373 சிசி, 43 எச்பி. எடையும் அதைவிடக் குறைவு. சிசியில் இரண்டுக்கும் அதிக வித்தியாசமில்லை. ஓட்டுவதில் ஒன்று மாட்டுவண்டி நிதானம், இன்னொன்று கன்றுக்குட்டித் துள்ளல். மேலே போனால் வித்தியாசம் இன்னும் கூடும். இன்டர்செப்டர் 650க்கு 648 சிசி, 47 எச்பி. அதைவிடக் குறைவான 599 சிசி உள்ள யமஹா ஆர்6 சூப்பர்ஸ்போர்ட் 100 எச்பியைத் தாண்டும். முதல் கியரிலேயே 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்துவிடும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எச்பியை எடையோடு சேர்த்துப் பார்ப்பது. இன்னொன்று, அந்தச் சக்தி எந்த ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது வருகிறது என்பது. கீழ் ஆர்பிஎம்மிலேயே சீராக டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) தரும் ஒற்றை, இரட்டை சிலிண்டர் என்ஜின்களில் கை முறுக்கிய அளவுக்குத்தான் வண்டி கிளம்பும். நான்கு சிலிண்டர் சூப்பர்ஸ்போர்ட் பாதி ஆர்பிஎம் வரை சாதுவாக இருந்துவிட்டு, அதற்குமேல் திடீரென்று பாயும். பாயும் இடம் எதுவென்று கைக்குத் தெரியாதவரை அது புதியவருக்கான வண்டியில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் லைசென்ஸ் முறை இதில் நல்ல வழிகாட்டி. அங்கே ஏ1 பிரிவில் 125 சிசி, 11 கிலோவாட் வரை. ஏ2 பிரிவில் சிசிக்கு வரம்பே இல்லை. சக்தி 35 கிலோவாட்டையும், அதாவது சுமார் 47 எச்பியையும், வண்டியின் எடையில் கிலோவுக்கு 0.2 கிலோவாட்டையும் தாண்டக் கூடாது. இப்படிப் படிப்படியாக ஏறுகிறவர் இரண்டு வருடம் அதை வைத்திருந்த பிறகே அடுத்த படிக்குப் போக முடியும். நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் இப்படிக் கேட்காமல் போகலாம். ஆனாலும் 100, 125 சிசியிலிருந்து நேராக ஏறுகிறவர் 47 எச்பிக்குள் நின்றுகொள்வது நல்லது என்பதே என் அழுத்தமான கருத்து. என்னைக் கேட்டால் நடுவில் 20 முதல் 40 எச்பிக்குள் ஒரு வண்டியில் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. நான் அப்படிச் செய்யவில்லை. செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பெரிய வண்டி வேண்டவே வேண்டாம். மோட்டார் சைக்கிளில் எலக்ட்ரானிக் ஏபிஎஸ் முதலில் வந்தது 1988இல், பிஎம்டபிள்யூ கே100இல். இன்றைக்கு அது அபூர்வப் பொருள் இல்லை. பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலும், என்ஜினின் வேகத்தை மென்மையாக்கும் மழை மோடும் இருந்தால் முதல் மாதத்தில் மிகவும் உதவும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: சாதாரண ஏபிஎஸ் நேராகப் போகும்போது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும். சாய்ந்த நிலையில் முரட்டுத்தனமாகப் பிரேக் பிடித்தால் அது காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள்.

உட்கார்ந்து பார்க்கும்போது சீட் உயரத்தின் எண்ணைப் பார்ப்பதைவிடக் காலைப் பாருங்கள். சீட் அகலமாக இருந்தால் குறைந்த உயரத்திலும் கால் எட்டாது. இரண்டு முன்பாதங்களும் தரையில் படிய வேண்டும். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்திப் பாருங்கள், உட்கார்ந்தபடியே இரண்டடி பின்னால் தள்ளிப் பாருங்கள். அதற்கே மூச்சு வாங்கினால், சரிவில் நிறுத்தி எடுக்கும்போது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட், கையுறை, முதுகும் தோளும் மூடும் கவச ஜாக்கெட், கணுக்காலை மூடும் ஷூ: வண்டிக்கு ஒதுக்கும் பணத்திலேயே இவற்றுக்கும் ஒதுக்கிவிடுங்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

முதல் நாள், என்ஜின் ஓடாமல்

புது வண்டியில் ஏறியதும் சாவியைத் திருப்பாதீர்கள். அரை மணி நேரம் அதோடு சும்மா இருங்கள். கிளட்ச், பிரேக் லீவர்கள் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நேர்கோட்டில் வரும்படி இருக்கின்றனவா? மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியிருந்தால், குழியில் வண்டி குலுங்கும்போது ஆக்ஸிலரேட்டர் தானாகத் திரும்பும். மணிக்கட்டு சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். கியர் லீவரும் பின் பிரேக் பெடலும் பாதத்தைத் தூக்காமல் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். இவற்றைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும், ஆனாலும் பலர் வருடக்கணக்கில் செய்வதில்லை.

சில சின்ன வண்டிகளில் எல்லா கியரும் ஒரே திசையில் விழும். பெரிய வண்டியில் ஒன்று கீழே, மற்றவை மேலே, நியூட்ரல் நடுவில். என்ஜின் ஓடாமலேயே, வண்டியை லேசாக முன்னும் பின்னும் அசைத்தபடி இதைக் காலுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவசரத்தில் தப்பான திசையில் மிதித்தால் கியர் குறைய வேண்டிய இடத்தில் கூடிவிடும்.

பிறகு வண்டியின் இடதுபுறம் நின்று, இடுப்பை டேங்கோடு சேர்த்து, முன் பிரேக்கில் இரண்டு விரல் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு வட்டம் போடுங்கள். எந்தக் கோணம் வரை அது லேசாக இருக்கிறது, எங்கே திடீரென்று கனக்கிறது என்பதை உடம்பு அப்போதுதான் தெரிந்துகொள்ளும். நிறுத்தும் இடத்தையும் இதே கண்ணால் பாருங்கள். முன்சக்கரம் பள்ளத்தை நோக்கி இருக்கும்படி சுவர் ஓரம் நிறுத்திவிட்டால், வெளியே எடுக்க அத்தனை எடையையும் மேட்டில் பின்னால் இழுக்க வேண்டும். சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்க்கட்டும், வண்டி முதல் கியரில் நிற்கட்டும்.

முதல் வாரம்: மெதுவாக ஓட்டும் கலை

பெரிய வண்டி 60இல் போகும்போது சைக்கிள் மாதிரி லேசாக இருக்கும். 6இல் போகும்போதுதான் அதன் எடை தெரியும். அதனால் முதல் வாரம் முழுக்க காலியான மைதானம்.

கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே வாருங்கள். என்ஜின் சத்தம் லேசாக இறங்கி, வண்டி முன்னால் நகரத் துடிக்கும் இடம் ஒன்று வரும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். ஆக்ஸிலரேட்டரைச் சிறிதளவு சீராக வைத்துக்கொண்டு, கிளட்சை அந்த இடத்தைச் சுற்றியே ஒரு விரல்கடை அளவு ஏற்றி இறக்கி, பின் பிரேக்கை மிக மெல்ல மிதித்தபடி நடை வேகத்தில் நேராகப் போங்கள். என்ஜின் தள்ள, பின் பிரேக் இழுக்க, இரண்டுக்கும் நடுவில் வண்டி விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். முன் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிடுங்கள். நான் விழுந்தது அந்த விரல்களால்தான்.

நேராக வந்ததும் அகலமான எட்டு போடுங்கள். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். கண் முன்சக்கரத்தில் இருந்தால் வண்டி அங்கேயே விழும். தாடையைத் தோளுக்கு மேல் திருப்பி, வளைந்து வெளியேறும் இடத்தைப் பாருங்கள். வண்டி உள்பக்கம் சாயும்போது உடம்பை வெளிப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது எப்போதும் ஹேண்டில் நேராக வந்த பிறகே முன் பிரேக். இந்த ஒரு வரியைக் கைக்குப் பழக்கிவிட்டால், நின்ற இடத்தில் விழும் விபத்துகளில் பெரும்பகுதி தவிர்ந்துவிடும்.

அப்படியும் விழலாம். விழுந்தால் காலைக் கொடுத்துத் தாங்கப் பார்க்காதீர்கள், விலகிவிடுங்கள். முதலில் என்ஜினை அணைத்து, முடிந்தால் கியரில் போடுங்கள், தூக்கும்போது உருளாது. வலதுபக்கம் விழுந்திருந்தால், மேலே தெரியும் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்துவிடுங்கள்; நிமிர்ந்ததும் மறுபக்கம் சாய்ந்து அதிலேயே நிற்கும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, பிட்டத்தைச் சீட்டின் ஓரத்தில் பதித்து உட்காருங்கள். ஒரு கை கீழே கிடக்கும் ஹேண்டில் பிடியில், மற்றொரு கை பின்னால் ஃபிரேமிலோ கைப்பிடிக் கம்பியிலோ. முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும். சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தால் தொடையின் பலத்தில் வண்டி எழும். குனிந்து கையால் தூக்கப் பார்த்தால் இடுப்பு போய்விடும்.

ஆக்ஸிலரேட்டர், பிரேக், வளைவு

சின்ன வண்டியில் ஓவர்டேக் செய்யக் கையை முழுசாக முறுக்குவோம். அதற்கே வண்டி மெல்லத்தான் கிளம்பும். இந்தப் பழக்கத்தோடு பெரிய வண்டியில் முறுக்கினால், பார்த்து முடிப்பதற்குள் முன்னால் போகும் வண்டியின் பின்புறம் வந்துவிடும். பிடியை உள்ளங்கையால் இறுக்கிப் பிடிக்காமல், ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற மாதிரி விரல்களால் பிடித்துப் பாருங்கள். கால் அங்குலம் திருப்புவதுகூடக் கைவரும். திறப்பது போலவே மூடுவதையும் பழகுங்கள். பெரிய என்ஜினில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடினால் என்ஜினின் இழுவையே பிரேக் மாதிரி வண்டியை முன்னால் குத்தும். வளைவில் அது ஆபத்து. கியர் குறைக்கும்போதும் ஒவ்வொன்றாக, கிளட்சை நிதானமாக விட்டுக் குறையுங்கள். மூன்றை ஒரே மூச்சில் மிதித்துக் கிளட்சை விட்டால் பின்சக்கரம் துள்ளும்.

இன்னொரு ஏமாற்று வித்தையும் உண்டு. சின்ன வண்டியில் 70இல் போனால் ஹேண்டில் அதிரும், என்ஜின் கத்தும், உடம்பே எச்சரிக்கும். பெரிய வண்டியில் 100இலும் அந்தச் சத்தம் எதுவும் இருக்காது. மிதமாகத்தான் போகிறோம் என்று மனம் நம்பும். முதல் இரண்டு மாதம் வேகத்தை உணர்வால் கணிக்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த நல்ல சாலை, நல்ல டயர், திறமையான பிரேக்: 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கச் சுமார் 18 மீட்டர் ஆகும். 100இலிருந்து அதே பிரேக்கில் சுமார் 49 மீட்டர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. தூரமோ இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்கைத் தொடுவதற்குள் போகும் ஒரு விநாடியையும் சேர்த்தால் 35 மீட்டர், 77 மீட்டர். சின்ன வண்டியில் பழகிய இடைவெளியை முன்னால் போகும் லாரிக்குப் பின்னால் விட்டுக்கொண்டு 100இல் போகிறவர், நிறுத்த முடியாத இடத்தில் போய்க்கொண்டிருக்கிறார்.

பிரேக் பயிற்சியை இரண்டாம் வாரம் தொடங்குங்கள். முதலில் 30இலிருந்து பத்துத் தடவை, பிறகு 40, பிறகு 50. முதல் கணத்தில் லீவரை மெல்ல அழுத்தி, முன் ஃபோர்க் அமுங்கி டயர் சாலையைக் கவ்வட்டும். அதன் பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். முழங்கால்களால் டேங்கை இறுக்கிக்கொண்டால் உடம்பின் எடை கையில் விழாது. ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் விரலுக்கடியில் துடிக்கும். பயந்து விட்டுவிடாமல் அப்படியே பிடித்திருக்க வேண்டும். அந்தத் துடிப்பை மைதானத்திலேயே ஒருமுறை உணர்ந்துவிடுங்கள்.

வளைவில் எடை வேறுமாதிரி பேசும். சின்ன வண்டியை இடுப்பை அசைத்தே திருப்பிவிடலாம். அகலமான டயரும் நீளமான வீல்பேஸும் (இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம்) உள்ள வண்டி அதற்கு அசையாது. இடதுபக்கம் வளைய இடது கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள், வலதுக்கு வலது. கவுன்டர் ஸ்டீயரிங் என்று இதைச் சொல்வார்கள். ஓரளவு வேகம் வந்துவிட்டால் எந்த இருசக்கர வண்டியும் இப்படித்தான் திரும்புகிறது. சின்ன வண்டியில் தெரியாமல் செய்துவந்தோம், இங்கே தெரிந்தே செய்ய வேண்டும். நேர்சாலையில் 40இல், ஒரு பக்கம் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், வண்டி அந்தப் பக்கமே சாயும். வளைவுக்குள் வேகம் அதிகம் என்று பதறினால் பிரேக்கைக் கவ்வாமல், பார்வையை வெளியேறும் இடத்தில் வைத்து, அந்தக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். பெரும்பாலும் வண்டியால் முடியும், கைவிடுவது நாம்தான்.

நெடுஞ்சாலையும் மழையும்

முதல் மாதம் முடிந்த பிறகு, பகலில், காற்றில்லாத நாளில், ஒரு மணி நேரப் பயணம். காற்றின் எதிர்ப்பும் வேகத்தின் வர்க்கத்தில்தான் கூடும். மறைப்புக் கண்ணாடி இல்லாத வண்டியில் 100இல் நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். அதை எதிர்த்து ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கினால் வண்டி அலையும். கால்களால் பிடியுங்கள், கைகள் தளர்ந்திருக்கட்டும். லாரியைக் கடக்கும்போது முதலில் காற்று மறைந்து, பிறகு திடீரென்று பக்கவாட்டில் அடிக்கும். எதிர்பார்த்திருந்தால் ஒன்றும் ஆகாது. மழையில் எல்லா வேலையும் அதேதான், பாதி அழுத்தத்தில். சாலையில் போட்ட வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் நனைந்தால் சோப்பு.

டயர் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும், கையேட்டில் உள்ளதை வையுங்கள். திறந்த செயினைச் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட வேண்டும். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் அதிகம் சாய்க்காதீர்கள்.

பழைய வண்டியும் வீட்டில் இருந்தால், முதல் மாதம் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டினால் கை எதையும் முழுதாகப் பழகாது. ஒரு மாதம் கழித்து மறுபடி அதில் ஏறிப் பாருங்கள். பிரேக்கும் கண்ணும் முன்பைவிடச் சுத்தமாக வேலை செய்வது தெரியும்.

பின்னால் ஆள் ஏற்றுவது கடைசிப் படி, இரண்டு மாதத்துக்கு முன் வேண்டாம். ஏற்றும் அன்று பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) கூட்டி, பின் டயரில் கையேடு சொல்லும் அளவுக்குக் காற்று ஏற்றி, ஹெட்லைட் மேலே பார்க்கிறதா என்று சரிபாருங்கள். ஏறுகிறவரிடம் மூன்றே விஷயம் சொல்லுங்கள்: நான் தலையசைத்த பிறகு ஏறுங்கள், வளைவில் என்னோடு சேர்ந்தே சாயுங்கள், வண்டி நின்றாலும் கால் ஃபுட்ரெஸ்டிலேயே இருக்கட்டும். பிறகு அவரோடு முதலில் அதே மைதானத்துக்குப் போய் 30இலிருந்து நாலு தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். எடை கூடிய வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு சாலைக்கு வாருங்கள்.